டேனியல் அண்ணனின் குரல்

டிசம்பர் 21, ஞாயிறு

மூவார் சிற்றாலயத்தில் இன்று கிறிஸ்மஸ் கீதங்கள் பாடினோம். நான் ஆர்கன் வாசித்தேன். தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டேனியல் அண்ணனுக்குச் சுருதி நிற்பதில்லை. ஒத்திகையிலேயே அவரிடம், "அண்ணே, நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்லா" என்று சொல்லிவிட்டேன். இன்று கடைசி வரிசையில் நின்று அப்படியே செய்தார்.

ஆராதனை முடிந்ததும் அவர் மனைவி கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இன்னைக்கு இவரு குரலு தனியா கேட்டுச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி மாதிரியே இருந்துச்சு."

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பசிக்குது, வா போலாம்" என்று அக்காவை அழைத்துப் போய்விட்டார்.

என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தூங்க விடவில்லை.

கிறிஸ்மஸ் காலையில் அவரைப் பாடச் சொல்லப் போகிறேன். சுருதி விலகினால் விலகட்டும். ஆர்கனைக் கொஞ்சம் அடக்கி வாசித்தால் அக்காவுக்கு நிஜமாகவே கேட்கும்.