மாமனார் வண்டி பிரேக்

ஐப்பசி 9, திங்கள்

காலையில மாமனாரோட பழைய பைக்குக்கு முன் சக்கரத்து ஃபோர்க்ல ஆயில் ஒழுகாம தடுக்குற சீலை மாத்திக் குடுத்தேன். ஒழுகின ஆயில் பிரேக் பேடு வரைக்கும் எறங்கியிருக்கும், அது பட்டா பிரேக் புடிக்காதுன்னு தெரியும். என் மெக்கானிக் கடையில இன்னும் நாலு வண்டி வேலைக்கு நின்னுது. அவசரத்துல பேடைக் கழட்டிப் பாக்கல.

மதியம் ஏரிக்கரைத் திருப்பத்துல விழுந்துட்டாரு. கால் ஒடஞ்சி ஆஸ்பத்திரியில கீறாரு. போய்ப் பாத்தேன்.

"நாய் குறுக்க வந்துச்சி மாப்ள. நாந்தான் பிரேக்கை லேட்டா புடிச்சிட்டேன். உங்க வேலைல ஒரு கொறையும் இல்ல"ன்னாரு. தலையாட்டினேன்.

சாயங்காலம் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கினு வந்து பேடைக் கழட்டினேன். ஆயில் விரல்ல ஒட்டுச்சி. பெட்ரோல்ல கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சி, திரும்ப மாட்டிட்டேன். இனிமே யார் பாத்தாலும் தெரியாது.

வூட்டுக்கு வந்து எப்பவும் போல சோறு தின்னேன்.