பலகையைக் கவிழ்த்துவிடு

தாராவி,
புதன்கிழமை மத்தியானம்.

என் ஆசைத் தம்பி இசக்கிராஜுக்கு,

அக்கா பூமாரி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் பிள்ளையும் சுகம். அமெரிக்காவில் நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருக்க நம் இசக்கியம்மன் கூட நிற்கட்டும். போனில் பேசாமல் இவள் ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் ஒற்றை அறைக் கோலியில் போன் பேசினால் அடுத்த கோலி வரைக்கும் கேட்கும். எழுதிய தாளை மகேஸ்வரி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். நான் பெற்ற இந்த மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. இத்தனை நாள் அவளைத் திட்டினேன், இன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ வெடிமருந்து போட்ட அந்த ஐம்பது தோட்டாவில் ஒன்றைக்கூடச் சுடாதே. திங்கட்கிழமை போனில் இதையே சொன்னபோது சிரித்தாய். சிரிக்காமல் உட்கார்ந்து வாசி.

கடைத் தோட்டா விலை ஏறிவிட்டது, சனிக்கிழமை தோறும் துப்பாக்கி கிளப்பில் சுட்டுப் பழகக் கட்டுபடியாகவில்லை, அதனால் சுட்டுத் தீர்ந்த கூடுகளைப் பொறுக்கி நானே மருந்து போட்டு அடைக்கிறேன் என்று வீடியோ போனில் பெருமையாகக் காட்டினாய். கிளப்பில் ஒரு கிழவரிடம் பழைய கை மெஷினைச் சல்லிசாக வாங்கியதையும் காட்டினாய். இப்போதைக்கு அளவுக் கரண்டி போதும், தராசு அடுத்த மாதம் என்றாயே. கோட்டிக்காரா, கையில் காசு கொஞ்சம் என்றால் முதலில் தராசு வாங்கு. பிறகு எந்தக் கூட்டுக்கு எவ்வளவு மருந்து என்று அச்சடித்த புத்தகம், கூட்டுக்குள் பார்க்க நல்ல விளக்கு. மெஷின் எத்தனை பழசானாலும் போகட்டும்.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். டோம்பிவிலி தாண்டி ஒரு தோட்டாக் கம்பெனிக்கு நான் பதினோரு வருஷம் போனேனே, பேக்கிங் வேலை என்று வீட்டில் சொன்னது பொய். அப்பா பயப்படுவார் என்று சொன்ன பொய். என் வேலை மருந்து போடுவது. ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி, கூட்டுக்கு ஒரு கரண்டி. அங்கே ஒரு சட்டம் உண்டு. பாதியில் யார் கூப்பிட்டு எழுந்தாலும் சரி, தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சரி, போட்டது அத்தனையையும் கொட்டிப் பலகையைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் குழியில்தான் விட்டோம் என்று மனசு சொல்லும், அதை நம்பக் கூடாது. மருந்து கொஞ்சம்தான் இடம் பிடிக்கும். ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, அடைத்த பிறகு யாருக்கும் தெரியாது.

உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த அன்று அப்பா கம்பெனி கேட் போனுக்குக் கூப்பிட்டார். ஓடினேன். நம் குடும்பத்தில் முதல் இன்ஜினியர்! அழுதுகொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் கவிழ்க்கவில்லை, ராசு. ஏதோ ஒரு குழியில் கரண்டியை வைத்துத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பெட்டிகளிலிருந்து பத்துத் தோட்டா எடுத்துச் சுட்டுப் பார்ப்பது மாதவ் என்பவருடைய வேலை. டோம்பிவிலிக்காரர். சாயந்தரம் பெட்டியை எடுக்க வரும்போது, அக்கா முடிந்ததா என்று மராத்தியில் கேட்பார். மறுநாள் காலையில் அவர் கையிலேயே துப்பாக்கி வெடித்தது. முகத்தில் வலது பக்கமே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். இரட்டை மருந்து என்று எனக்கு மட்டும் தெரியும். இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அவர் என்னை விட்டுப் போகவில்லை. குக்கருக்கு அரிசி அளக்கும்போது பின்னால் நின்று முடிந்ததா என்கிறார். எத்தனை போட்டேன் என்று திகைத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டித் திரும்ப அளக்கிறேன். அத்தான் திட்டுகிறார். மாஹிம் ஸ்டேஷனில் பட்டப்பகலில், பாதி முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மகேஸ்வரிக்கு வாஷியில் வேலை கிடைத்த சந்தோஷத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நீ கரண்டியும் கையுமாக இருந்தாய். அரை மணி நேரம் பேசிவிட்டு, பாதியில் நிற்கிறது அக்கா, முடிக்கிறேன் என்றாய். கவிழ்த்தாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்போது உன் தோளுக்குப் பின்னால் அவர் நின்றார், ராசு. சத்தியமாகப் பார்த்தேன்.

தராசு வாங்கு. அந்தக் கிழவரைக் கூட வைத்துக்கொண்டு ஐம்பதையும் பிரித்து நிறுத்துப் பார். என்ன இருந்தாலும் மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
பூமாரி.


தாராவி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

உன் படம் வந்தது. முப்பத்தெட்டாவது கூட்டில் இரண்டு பங்கு மருந்து. நீ அக்கா என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாய். அதைப் பார்த்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன என்று மகேஸ்வரி கேட்டாள், மாமா நன்றாக இருக்கிறான் என்றேன்.

அன்றைக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். கை வரவில்லை. மாதவ் குடித்துவிட்டு வந்து துப்பாக்கியைச் சரியாகப் பூட்டாமல் சுட்டார் என்றுதான் விசாரணையில் முடித்தார்கள். அவர் ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷர். காலையில் அவர் மேல் சாராய வாடை அடித்ததா என்று என்னைக் கேட்டார்கள். அடித்தது என்றேன். பாவி, அந்த ஒரு வார்த்தையில் நான் தப்பினேன். அவர் மனைவி சாருலதாவுக்கு நஷ்டஈடு எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது மூன்று வயசு. குடித்துச் செத்தவன் மகன் என்றே வளர்ந்திருப்பான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலிக்குப் போகிறேன். சாருலதா வீடு மாறவில்லை என்று பழைய சிநேகிதி ஒருத்தி சொன்னாள். உன் அத்தானிடம் சனிக்கிழமை எல்லாம் சொல்லிவிடுவேன். அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. போலீஸ் வந்தாலும் வரட்டும். மகேஸ்வரியைக் கைவிட்டுவிடாதே.

கதவைத் திறந்ததும் என்ன சொல்லித் தொடங்குவது என்று மராத்தியில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் குடிக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் கதவைச் சாத்திவிடக் கூடாது என்று மட்டும் அம்மனிடம் கேட்டுக்கொள். நீ இரண்டு கண்ணோடும் நூறு வருஷம் இரு, என் ராசா.

உன் அக்கா,
பூமாரி.