உன் மகள் கையெழுத்துப் போட்டாள், செல்வி

என் உயிரான தங்கச்சி செல்விக்கு,

இருக்கன்குடி மாரியம்மன் காலடியில் நீ நோவில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் மகள் கார்த்திகா மதுரையில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாள். இடம் கிடைத்த சேதி வந்ததும் என் கால் தானாக உன் வீட்டுப் பக்கம் நடந்தது. கதவைத் தட்டிய பிறகுதான் நீ இல்லை என்பது நினைவு வந்தது. இப்போது அங்கே குடியிருக்கிற பெண், "யாரு வேணும்க்கா?" என்று கேட்டாள். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன்.

இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மைப் போன்றவர்கள் வங்கிப் படிக்கட்டில் எதற்குப் பயப்படுகிறோம் என்பது நமக்கே முழுசாகத் தெரிவதில்லை.

முதலில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அலைந்தோம். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். ஒவ்வொருவர் படிப்பையும் நானே எழுதினேன். அவள் தகப்பன், அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போனவர், எட்டாம் வகுப்பு. உன் பெயருக்கு நேராக 'பன்னிரண்டாம் வகுப்பு, தேர்ச்சி' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டேன். உன் பழைய பாடப் புத்தகங்களை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவள் நான். உன் படிப்பு அங்கேயே நின்றது என்று என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது, பார்த்தாயா?

சலுகை போக, விடுதிக்கும் மீதிக் கட்டணத்துக்குமாக வருஷத்துக்கு எண்பத்திரண்டாயிரம் துண்டு விழுந்தது. நோட்டில் எப்படிக் கூட்டினாலும் உன் அத்தானின் அச்சாபீஸ் சம்பளத்தில் அது அடங்கவில்லை. கல்விக் கடனுக்கு எழுதிப் போட்டோம்.

கையெழுத்துப் போடுகிற நாளில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். அத்தான் போட்டு முடித்தார். அதிகாரி காகிதத்தைக் கார்த்திகா பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவை எடுத்ததும் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, என்னாச்சு?" என்றார் அதிகாரி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன்.

"அவுக பேர்லயே இருக்கட்டும்யா. இல்லாட்டி என் பேர்ல எழுதுங்க. பிள்ள பேரு வேண்டாம்."

உன் அத்தான் என் காதோரம் வந்து, "ஏ, வந்த எடத்துல மானத்த வாங்காத. வெள்ளிக்கெழமைக்குள்ள பணம் கட்டலன்னா சீட்டு போயிரும்" என்றார்.

"பொண்ணு படிக்கறக்குத்தானுங்களே கடன்? அவங்க பேரு இல்லாம எப்படிங்க?" என்றார் அதிகாரி.

"அப்ப படிச்சு முடிச்சதும் ஒங்க பேங்குக்குத்தான் வேலைக்கு வரணுமா?" என்று கேட்டேன்.

பக்கத்து மேசைக்காரர், "வந்தா நல்லதுதான் தாயி, இங்கன ஆளு பத்தல" என்று சிரித்தார். அந்தப் பையன் சிரிக்கவில்லை.

செல்வி, எனக்கு எது ஞாபகம் வந்தது என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டு முடித்துக் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாய். தீபாவளி முடிந்தால், பட்டாசு செய்கிற பயராபீஸ் ஏஜெண்டு வீடு வீடாக வந்து அட்வான்ஸ் கொடுப்பாரே, அவரிடம் நம் அப்பா உன் பேரில் வாங்கியிருந்தார். அட்வான்ஸ் கழிகிற வரைக்கும் அந்த ஆபீசுக்குத்தான் போக வேண்டும். "அண்ணாச்சி, காலேஜுல சேந்துட்டு லீவுக்கு லீவு வந்து கழிச்சிரட்டுமா?" என்று நீ கேட்டாய். "வண்டியில ஒம்பேரு ஏறிருச்சு தாயி" என்றார் அவர். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. ஒரு சீசனில் கழியும் என்றார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிசாக ஒன்று சேர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் படுத்து நீ எழுந்திருக்காமலே போகிறவரைக்கும் அந்த வண்டி வந்தது.

அதனால்தான் அந்தப் பையனிடம் விடாமல் கேட்டேன்.

"பாதியில வேற கம்பெனிக்கு மாறிட்டா?"

"மாறலாமுங்க. பத்துக் கம்பெனி மாறலாம், வெளியூருக்கும் போலாம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத் தவணை வந்தாப் போதும்."

"வீட்டுக்கு வண்டி வராதே?"

"எந்த வண்டிங்க?"

அவருக்குத் தெரியவில்லை. எந்த வண்டி என்றே தெரியாத ஒருவர் எனக்குப் பதில் சொல்கிறார், இந்தக் கடனுக்கு அந்த வண்டி வராது என்றதும், மாரியாத்தா, என் கை தானாகத் தளர்ந்தது. கார்த்திகா மணிக்கட்டில் என் விரல் நாலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "பெரியம்மா, எதுக்கு அம்புட்டுப் பயந்தீக? எங்கம்மா அட்வான்ஸ் வாங்குனாகளே, அதுக்கா?"

"ஆமா."

"அது என்ன செலவுக்கு வாங்குனது?"

சாத்தூர் வரப்போகிறது, பையை எடு என்றேன். சாத்தூர் வர இன்னும் நேரம் இருந்தது.

அது என் கல்யாணச் செலவு, செல்வி. என் கழுத்தில் தாலி ஏறின மாதத்தில்தான் உன் பேர் அந்த வண்டியில் ஏறியது. ஒரு நாளாவது நீ அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு இத்தனை உறுத்தல் இருக்காது. ஆபீஸ் விட்டு வந்து என் வாசலில் நின்று, கையெல்லாம் மருந்து என்று தம்ளரைத் தொடாமல், "நீயே ஊத்துக்கா" என்று அண்ணாந்து வாயைக் காட்டுவாயே. இப்போதும் சாயங்காலமானால் ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வைக்கிறேன். யாருக்கு?

அவள் விடுதிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. படிக்கிற காலத்தில் அசல் கட்ட வேண்டாம். வட்டியை மாதாமாதம் நான் கட்டி வருகிறேன், வீட்டிலேயே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டி. "பெரியம்மா, இப்பமே ஏன் கட்டுறீக?" என்று போனில் கோபிக்கிறாள். தனக்காக மட்டுமே நான் பாடுபடுகிறேன் என்று நினைக்கிறாள்.

தீபாவளிக்கு வருகிறாள். நீ நின்று தண்ணீர் குடித்த அதே வாசலில் அவளை உட்கார வைத்து, அந்தப் பணம் யாருக்காக வாங்கியது என்று சொல்லப் போகிறேன். என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். ஆத்தா மேல் ஆணையாக, இந்தத் தடவை பையை எடு என்று சொல்ல மாட்டேன்.

நீ ஊற்றச் சொன்ன தண்ணீரோடு வாசலில் நிற்கும்
உன் அக்கா
பாக்கியம்