பன்னிரண்டு பேரில் ஒருத்தி

மார்ச் 4, செவ்வாய்

ஜூரியில் என்னையும் போட்டுவிட்டார்கள். போன வேகத்தில் பள்ளிச் சமையலறை வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

வழக்கு டார்வின் ஹால்காம் மீது. மர மில் முதலாளி. தன்னிடம் வேலை பார்த்த கோடி ஸ்லோனின் முழங்காலை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார் என்கிறது அரசுத் தரப்பு. ரம்பத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு இல்லை என்று கோடி தொழிற்சாலை ஆய்வாளரிடம் சொன்னதற்குத் தண்டனையாம். கட்டைக் குவியலிலிருந்து அவனாகவே விழுந்தான் என்கிறார் டார்வின்.

"ஹால்காம் குடும்பத்தைத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றார் நீதிபதி அம்மா. அறை முழுக்கக் கைகள். இந்த மலையில் அவர்களைத் தெரியாதவர் யார்? "தெரிஞ்சிருந்தாலும் நியாயமா நடந்துக்க முடியுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முடியும் என்றேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது, கணவன் வெர்லனிடம்கூட. எழுதக்கூடாது என்றும் சொன்னாரா? நினைவில்லை. இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை.

மார்ச் 5

வெர்லனுக்குப் பொறுக்கவில்லை. பீன்ஸைக் கிளறிக்கொண்டே, "யாரு கேஸுன்னு ஊருக்கே தெரியும். என்கிட்ட மட்டும் வாயைத் திறக்க மாட்டே?"

"மாட்டேன்."

"கல்யாணம் ஆன நாளா மூடாத வாய். அந்த நீதிபதிக்கு ஒரு ஆப்பிள் கேக் செஞ்சு அனுப்பணும்."

இருவரும் சிரித்தோம்.

மார்ச் 6

கோடி ஊன்றுகோலோடு வந்து சாட்சி சொன்னான். முன் வரிசையில் டார்வினின் தம்பி ராய்ஸ். சாட்சி பக்கம் அவன் திரும்பவே இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒவ்வொருவராக, நிதானமாக.

மார்ச் 7, வெள்ளி

இன்று என்னை மட்டும் பார்த்தான்.

மார்ச் 8

கடையில் முட்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் ராய்ஸ், என் தள்ளுவண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு.

"என்ன நெல்டா, சௌக்கியமா? வெர்லன் ரொட்டி வேனை எடுத்துக்கிட்டு தினமும் தனியாத்தானே மலை இறங்குறான்? வளைவெல்லாம் இன்னும் பனி. பாத்து வரச் சொல்லு."

அவ்வளவுதான். என் வண்டியிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தபடி போய்விட்டான்.

முட்டை வாங்காமலே வந்துவிட்டேன். வெர்லன் கேட்டதற்குத் தீர்ந்துபோச்சு என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் போதகர் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை.

நீதிபதியிடம் சொன்னால் ராய்ஸுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்? அவன் என்ன சொல்லிவிட்டான், பாத்து வரச் சொல்லுன்னுதானே? கேட்டால் அக்கறையில சொன்னேன்னு சொல்லுவான். ஐயோ, எனக்கு எதுக்கு இந்த வம்பு. எதாச்சும் ஆச்சுன்னா அந்த வளைவுல யார் போய்ப் பாப்பாங்க...

சொல்லிவிட்டால் ஒருவேளை என்னை அனுப்பிவிடுவார்கள். யாராவது விலகினால் போட உபரியாக இரண்டு பேர் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள். அதை நினைத்ததும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். நீதிபதியின் அறையில், இரண்டு தரப்பு வக்கீல்களும் இருக்க.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா."

"இருக்கத்தான் செய்யும். அதை ஓரமா வச்சுட்டு, கோர்ட்டுல கேட்டதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியுமா? முடியாதுன்னா இப்பவே வீட்டுக்குப் போகலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"ராய்ஸ் அப்படிப் பேசுனதுலேர்ந்து அவங்க அண்ணன்தான் அடிச்சிருப்பாருன்னு மனசு சொல்லுது. அது நியாயமில்லைன்னும் தெரியுது. மிரட்டுனது தம்பி, அவரு இல்ல. அதை இதோட சேர்க்க மாட்டேன்."

டார்வினின் வக்கீல் தலைதூக்கி என்னைப் பார்த்தார். என்னை நீக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஜூரியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ராய்ஸ் இனி நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு.

முட்டாளா நான்? கையில் கொடுத்த விடுதலையை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

மார்ச் 11

கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் வெளியே. முதல் சுற்றில் எல்லோரும் குற்றவாளி என்றார்கள். நான் மட்டும் இல்லை என்று கை தூக்கினேன்.

தலைவராக உட்கார்ந்த ஹோபர்ட், ஓய்வுபெற்ற தபால்காரர், மேசையைத் தட்டினார். "நேத்து நீ நீதிபதி ரூமுக்குப் போய்ட்டு வந்ததும்தானே ராய்ஸை வெளியே போட்டாங்க? இன்னிக்கு அவன் அண்ணனுக்கே பரிஞ்சு பேசுறே?"

"அதனாலதான் ஹோபர்ட். எனக்கு என்மேலேயே சந்தேகம். அந்தப் போட்டோவை இன்னொரு தடவை பாக்கணும்."

டாக்டர் காட்டிய முழங்கால் படம். காலின் உள்பக்கத்தில் இரண்டு காயம், பக்கத்துப் பக்கத்தில், ஒரே அகலத்தில், நேர்கோடாக. கட்டையிலிருந்து விழுகிறவனுக்கு அங்கே எப்படி இரண்டு முறை அடிபடும்? வெகுநேரம் பார்த்தேன். ராய்ஸை மனசிலிருந்து பிடித்து வெளியே தள்ளிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் கோடுகள் அங்கேயேதான் இருந்தன. குற்றவாளிதான்.

கை தூக்கினேன்.

மார்ச் 12

நேற்று மீதியை எழுதும் நிலையில் இல்லை. தீர்ப்பைப் படித்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார் டார்வினின் வக்கீல். அவர்களுக்கு அந்த உரிமை உண்டாம். ஒவ்வொருவராக எழுந்து, அந்த மனிதரின் முகத்துக்கு நேரே.

என் முறை. நீதிபதி கேட்டார். "இது உங்க தீர்ப்புதானா?"

டார்வின் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. அடையாளம் வைத்துக்கொள்வது போல. என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேட்கலை. சத்தமா சொல்லுங்க."

"ஆமா. என் தீர்ப்புதான்."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் யாரோ திடுக்கிட்டார்கள்.

ஏப்ரல் 2

வெர்லனின் வேன் டயர்களை யாரோ கிழித்திருக்கிறார்கள். போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. இப்போதுதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடையில் நடந்தது உட்பட.

"அப்ப முட்டை தீர்ந்துபோகலை" என்றான் கடைசியில்.

பிறகு ஜாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மே 9

வேன் வரும் சத்தம் கேட்டால்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

ஜூன் 17

பக்கத்து வீட்டு பியூலாவுக்கு ஜூரி அழைப்பு வந்திருக்கிறதாம். வேலியைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"நெல்டா, இதுலேர்ந்து எப்படிடி கழட்டிக்கிறது? முதுகுவலின்னு சொல்லட்டுமா? நீ பட்டதைத்தான் பாத்தேனே."

அவள் கேட்ட வழியெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவும் வாயெடுத்தேன்.

"மதியச் சாப்பாடு நல்லாவே இருக்காது" என்றேன். "வீட்டுலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போ. முதல் நாள் நான் வேணும்னா கூட வரேன்."