வெள்ளையடிக்கக் கொடுத்த சாவி

இன்று காலை பக்கத்துக் கடைக்கு வெள்ளையடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும் உம்மை நினைத்துக்கொண்டேன். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது எழுத வருகிறது வே. மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் இது முழுக்க என் கை எழுதுவது. நீர் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பீர்!

சங்கரன்கோவிலில் நாம் இருவரும் ஒரே கடையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். முன்பக்கம் உம்முடைய வளையல், பின்பக்கம் என் தையல் மெஷின். ஆடித்தபசுத் திருநாளுக்கு முன்னால் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெள்ளையடிக்கச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுப்பது நம் வரிசைக் கடைகளின் வழக்கம். அந்த வருஷமும் கொடுத்தோம். சுவர் காய்ந்தது, சாவி திரும்பவில்லை.

"நீங்களாத்தானே காலி பண்ணிட்டுச் சாவியத் தந்திய?" என்றார் அவர்.

திருநாள் வியாபாரத்தை நீர் தெருவில் சாக்கு விரித்துச் செய்தீர். என் மெஷின் வேப்பமரத்தடியில் நின்றது.

வக்கீல் தேடித் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். முதல் வக்கீல் வீட்டு வாசலில் பளபளவென்று செருப்புகள் கிடந்தன. படியேறப் போன என் சட்டையைப் பிடித்து இழுத்தீர். "இது கட்டடச் சொந்தக்காரனுவ வார இடம் வே. நம்மளப் போல ஆளு செருப்பு எங்கன கெடக்குன்னு பாரும்." சில வீடுகள் தள்ளி, வார் அறுந்து ஆணி அடித்த செருப்புகளைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனோம்.

வக்கீல் கதையைக் கேட்டுச் சிரித்தார். தாமும் வாடகைக்குத்தான் இருப்பதாகவும், அந்த வீட்டைக் காலிபண்ணச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். வெளியே வந்ததும், "இவரே தெருவுக்கு வரப்போறாரு வே" என்றேன்.

"அப்பம் நல்லா வாதாடுவாரு. பேசாம வாரும்."

வக்கீல் கேட்டது ஒன்றுதான். சாவி கொடுக்கும் வழக்கத்தைச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் சாவியை வைத்துக்கொண்டவர்தானே வரிசை முழுவதற்கும் சொந்தக்காரர், அவரை எதிர்த்து யார் வருவார்கள்? நீர் கடை கடையாக ஏறினீர். "இன்னைக்கு எங்க சாவி, நாளைக்கு ஒங்க சாவி" என்று சொல்லிக்கொண்டே போனீர். வாடகை வழக்கு விசாரணையன்று வரிசையே கடையடைத்து வந்து நின்றது. சாவியை ஏன் கொடுத்தாய் என்று அதிகாரி கேட்டதும், வக்கீல் சொல்லித் தந்ததெல்லாம் உமக்கு மறந்துபோயிற்று.

"வெள்ளையடிக்கத்தான்யா குடுத்தோம். சாவியக் குடுத்தா, கடையக் குடுத்த மாதிரி ஆயிருமா?"

கடை நமக்கே வந்தது.

முன்பக்கத்தில் இப்போது உம்முடைய மகள் வளையல் விற்கிறாள். வாடகைத் தகராறு, வக்கீல் வேண்டும் என்று யாராவது வந்தால், கூட வர ஆள் உண்டா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து அவர்களோடு கிளம்பிவிடுகிறேன்.