கீழ் மேடையின் நிறம்

பயிர்நாள் 1. காலை.

என் பெயர் கயற்கண்ணி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். செவ்வாயில், செம்பாறைப் பள்ளத்தாக்கின் ஓடைப் பண்ணையில், மண் பதிவை இன்று முதல் நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பின்னால் யார் எடுத்துப் படித்தாலும் இந்த மண்ணைப் பற்றிச் சரியான தகவல் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இதை எழுத வேண்டியவர் என் அம்மா. அவர்தான் மண் ஆய்வாளர். பனிச் சுரங்கத்தில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் மேல்நிலையத்தில் படுத்திருக்கிறார். அவருடைய பாடநூல்களை எல்லாம் படித்துவிட்டேன் என்று சொல்லி, நானே கேட்டு வாங்கிய வேலை இது.

இடம் பற்றி: மிகப் பழைய காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஓடை ஓடியிருக்கிறது. தரையை அரித்துக்கொண்டு கீழே இறங்கியபோது, கரையில் இரண்டு படிகளை விட்டுப் போயிருக்கிறது. இரண்டும் மேசை போலத் தட்டையானவை. ஒன்றை மேல் மேடை என்றும் மற்றொன்றைக் கீழ் மேடை என்றும் சொல்கிறோம். உருக்கிய பனிநீரை அந்தப் பழைய தடத்திலேயே மறுபடி ஓடவிடப் போகிறார்கள். அதற்குள் எந்த மேடையில் நெல், எந்த மேடையில் துவரை என்று முடிவாக வேண்டும். நெல் தண்ணீர் தேங்கினாலும் பிழைக்கும். துவரையின் வேர் அழுகிவிடும். கிடங்கில் உள்ள துவரை விதை ஒரு விதைப்புக்குத்தான் போதும்.

பயிர்நாள் 2. மாலை.

கீழ் மேடையில் என் இடுப்பளவுக்குக் குழி வெட்டினேன். உதவிக்கு வந்தவர் நீர்மடைப் பொறுப்பாளர் சூசை அண்ணன். பண்ணையின் கண்ணாடிக் கூரைக்குள் காற்றைச் சுழற்றும் காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூட வானொலியில்தான் பேச வேண்டும். அவர் சொன்னது: "பிள்ளே, குழி போதுமா, இல்ல பூமிக்கே போயிருவியா?"

மண்: இருமண். மணல், வண்டல், களி மூன்றும் கலந்தது. நனைத்துப் பிசைந்தால் உருண்டை நிற்கிறது. விரலிடுக்கில் நாடாவாகத் தள்ளினால் கட்டைவிரல் நீளம் வந்து அறுகிறது. முழங்கால் ஆழத்துக்குக் கீழே களி கூடுகிறது, மண்வெட்டி இறங்க மறுக்கிறது. குழியில் ஈரமில்லை.

நிறம்: செம்பழுப்பு, ஒரே சீராக. திட்டுகள் இல்லை. பயிர்விளக்கின் இளஞ்சிவப்பு ஒளியில் வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தேன். அந்த ஒளியில் அட்டையின் கட்டங்கள் எல்லாம் அக்கா தங்கைகள் போல இருந்தன. அருகில் வந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

முடிவு: சிவந்த மண் என்றால் உள்ளே காற்று புழங்குகிறது, நீர் நன்றாக வடியும். கீழ் மேடை துவரைக்கு ஏற்றது.

பயிர்நாள் 2. இரவு உணவுக்கு முன்.

பொது வானொலி நேரத்தில் முடிவை அறிவித்தேன். எல்லா நிலையங்களும் கேட்டன.

விதைக் கிடங்கின் பாத்திமுத்து அக்கா: "அடேயப்பா, அம்மாவுக்கு லீவு குடுத்துட்டு மகளையே வேலைக்கு வச்சுக்கலாம் போலிருக்கே."

அம்மா: "கயலு, நிறத்தைச் சரியாப் பாத்தியா கண்ணு?"

நான்: "பாத்தேன்மா. நல்ல செம்பழுப்பு."

அம்மா: "சரி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பதிவில் எழுதத் தேவையில்லை என்று தெரியும். எழுதிவிட்டேன்.

பயிர்நாள் 19. காலை.

ஓடையில் நீர் வந்தது. பார்க்க எல்லோரும் இறங்கி வந்தார்கள். கீழ் மேடையில் துவரை முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. மேல் மேடையில் நெல். அது மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்கிறது, விட்ட நீர் நிற்பதில்லை என்கிறார் சூசை அண்ணன். "உறிஞ்சுத வேகத்தப் பாத்தா அடியில யாரோ வாய வச்சிருக்கான்."

பின்னால் சேர்த்தது, பயிர்நாள் 34: நெல் மேடைதான் நன்றாக வடிகிறது. ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பயிர்நாள் 33. மாலை.

துவரையின் கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. ஒரு செடியைப் பிடுங்கினேன். பக்க வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் கழன்று வந்தது. முட்டை அழுகிய வாடை. பழைய குழியில் முழங்காலளவு நீர் ஊறி நிற்கிறது. அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை.

பொது வானொலியில் பாத்திமுத்து அக்கா சூசை அண்ணனிடம்: "மடையத் திறந்துவிட்டுட்டுத் தூங்கிட்டியா? துவரைக்கு இவ்வளவு தண்ணியா விடுவாங்க?"

அவர்: "அளந்துதான் விட்டேன்."

அக்கா: "அளந்த தண்ணி எப்படிக் குட்டையா நிக்கும்? பொண்ணு தெளிவா சொன்னாளே, வடியிற மண்ணுன்னு."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மையாகவே காரணம் தெரியவில்லை. இதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பயிர்நாள் 34. உச்சி.

பள்ளத்தாக்கு ஆழமானது. நண்பகலில் கொஞ்ச நேரம்தான் சூரியன் அடிவரை இறங்கும். அப்போதும் கீழே பயிர்விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இன்று விளக்குகள் இல்லாத வாசல் பக்கம் உட்கார்ந்து காலணியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டினேன். கீழ் மேடையின் அடிமண். வெயில் அதன் மேல் விழுந்தது.

சாம்பல் நிறம். ஈயம் போல. அதற்குள் துருப்பிடித்த ஆணித் தலை அளவில் ஆரஞ்சுத் திட்டுகள்.

பாடநூலில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். நீர் நெடுநாள் தேங்கிய மண்ணில் இரும்பு நிறமிழந்து சாம்பலாகும். வெடிப்புகள் வழியே காற்று நுழைந்த இடத்தில் மட்டும் துருவாகப் படியும். சாம்பலும் திட்டும் சேர்ந்திருந்தால் அது வடியாத மண். ஓடை மேடைகளில் இது சாதாரணம், அடியில் களி தாங்கி நிற்கும் என்றும் எழுதியிருக்கிறது. ஓடை வற்றி எத்தனையோ யுகம் ஆனாலும் மண் அதை எழுதி வைத்திருந்தது. இளஞ்சிவப்பு விளக்கில் சாம்பலும் சிவப்பாகத்தான் தெரியும்.

அதே பக்கத்தின் முதல் வரி: நிறத்தை வெயிலில் மட்டும் பார்க்கவும்.

அந்த வரியும் எனக்கு மனப்பாடம். அன்று மாலையும் மனப்பாடம்தான். மறுநாள் உச்சிவரை காத்திருந்தால் பொது வானொலி நேரம் தப்பிவிடும் என்று நினைத்தேன். செவ்வாயில் எங்கு தோண்டினாலும் சிவப்புதானே என்றும் நினைத்தேன்.

இன்று வானொலி நேரத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

பயிர்நாள் 35.

சொல்லவில்லை.

காலையில் சொல்லலாம் என்று வானொலியைக் கையில் எடுத்தேன். அம்மா முதலில் பேசினார். "கயலு, கவலைப்படாதே. உன் வேலைல தப்பு இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும்." நான் சரிம்மா என்றேன். அது மட்டும்தான் வாயில் வந்தது.

இன்றே சொன்னால் வடிகால் வெட்டி, மேட்டுப் பாத்தி கட்டி, கொஞ்சம் செடியையாவது காப்பாற்றலாம். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறேன். மண்ணைத் தவறாகப் பார்த்தது ஒரு தப்பு. இது வேறு தப்பு, இதற்கு எந்தப் பாடநூலிலும் பக்கம் இல்லை.

மாலையில் பண்ணை நிர்வாகத்தார் சூசை அண்ணனிடமிருந்து மடைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவரைச் சுரங்க வேலைக்கு அனுப்பப் போகிறார்களாம். அவர் என்னிடம் சொன்னது: "ஒருவேளை நாந்தான் அளவு தப்பா விட்டுட்டேனோ என்னவோ பிள்ளே. எனக்கே சந்தேகமா இருக்கு."

அளவு சரி. அளவு சரி. அளவு சரி. இங்கே எழுதி என்ன பயன்.

பயிர்நாள் 37. காலை.

தூங்கவில்லை. செடிகள் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன.

என் குரலில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், எல்லோரும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அது வேண்டாம். அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். பொது வானொலியில் சொன்னேன்: "உச்சி வெயில் நேரத்துல எல்லாரும் கீழ் மேடைக் குழிக்கு வாங்க. சூசை அண்ணனும் வரணும். அம்மா, நீங்க கேட்டுக்கிட்டு இருங்க."

பயிர்நாள் 37. உச்சி.

நடந்தது நடந்தபடி.

எல்லோரும் வந்தார்கள். நீரை இறைத்துவிட்டுக் குழியின் சுவரைப் புதிதாகச் சீவினேன். இளஞ்சிவப்பு ஒளியில் அது அழகான செம்பழுப்பாக, ஒரே சீராக இருந்தது.

நான்: "இதைப் பாத்துத்தான் அன்னைக்கு வடியிற மண்ணுன்னு சொன்னேன். வெயில்ல பாக்கணும்னு புத்தகத்துல இருக்கு. எனக்குத் தெரியும். பாக்கல. மூணு நாளைக்கு முன்னாடியே கண்டுபிடிச்சேன். சொல்லல. சூசை அண்ணன் விட்ட தண்ணி சரியான அளவு. ஒரே ஒரு நிமிஷம் விளக்க அணைங்க, உங்களுக்கே தெரியும்."

பாத்திமுத்து அக்கா சூசை அண்ணனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

அக்கா: "நான் பேசினத மனசுல வச்சுக்காதே, சூசை."

சூசை அண்ணன் விளக்கு விசைகள் இருந்த பலகையிடம் போனார்.

அம்மா, மேல்நிலையத்திலிருந்து: "கயலு. மூணு நாளா?"

நான்: "ஆமாம்மா."

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அம்மாவின் மூச்சு கேட்டது.

சூசை அண்ணன் விசையில் கை வைத்தபடி மேடையில் சாய்ந்து கிடந்த துவரைச் செடிகளை ஒருமுறை பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது: "ஒரு நிமிஷம் எதுக்கு பிள்ளே. இனி யாருக்காக எரியணும்."

அவதானிப்பு: அடிமண் சாம்பல், ஆரஞ்சுத் திட்டுகளுடன். எல்லோருக்கும் தெரிந்தது. நிறம் பார்க்கப்பட்டது சூரிய ஒளியில்.

கீழ் மேடை விளக்குகள் அணைக்கப்பட்டன.