முள்சீத்தாப் பாக்கெட்டில் என் படம்

ஆயக்குடி
3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். உடம்பு தேவலையா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடை திறக்கிறேன். கொய்யாவை வெட்டிவிட்டு வைத்த முள்சீத்தா நன்றாகத் தழைத்திருக்கிறது. இலையைப் பொடியாக்கி, புற்றுநோய்க்கு என்று பாக்கெட் போட்டாயிற்று. அதில் உன் படம்தான். ஊர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டேன். போன மாதம் கல்யாண வீட்டில் உன் மொட்டையைப் பற்றிக் கேட்டவர்களிடம், பொடியில் குணமாகிப் பழனியில் முடி இறக்கினாள் என்று சொன்னேன். உன்னுடையது ராசியான கை. முதல் போணி உன் கையால்தான் ஆக வேண்டும்.

தம்பி,
முத்துக்கிருஷ்ணன்

திண்டுக்கல்
6.6.2024

தம்பிக்கு,

போனில் உன் குரல் தழுதழுத்தால் நான் இளகிவிடுவேன். அதனால்தான் எடுப்பதில்லை. உன் பொடியை ஒருநாள் வாயில் வைத்தேன், குமட்டியது. மீதியைத் தென்னைக்குக் கொட்டினேன். முடி கொட்டியது மதுரை ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தால். என்னைப் பிழைக்க வைத்ததும் அதுதான். புருவமும் உதிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு மை தீட்டிக்கொண்டு வந்தேன், உனக்கே தெரியவில்லை.

பாலசமுத்திரத்து அம்பிகா போன் செய்தாள். மார்பில் கட்டியாம். "ஒங்க போட்டோவப் பாத்துத்தானுங்கக்கா ஆப்ரேசன் வேண்டாம்னுட்டேன்" என்றாள். உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை.

படத்தை எடு. எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மை தீட்டாமல் வந்து நிற்பேன்.

சொர்ணலட்சுமி

ஆயக்குடி
10.6.2024

அக்கா,

வராதே. கொய்யா மரமெல்லாம் போய்விட்டது, இதுவும் படுத்தால் நான் தெருவில்தான். என்மேல் உள்ள கோபத்தில் பேசுகிறாய் என்று அம்பிகாவிடம் சொல்லியிருக்கிறேன். இலையைக் குடித்தால் யாருக்கு என்ன கெடுதல்?

முத்து

மதுரை
15.6.2024

முத்துவுக்கு,

என்னைக் கண்டதும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே நின்றாய். வெளியே காத்திருந்தவர்களில் அம்பிகாவும் இருந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டு, மை ஏதும் இல்லை என்று தெரிய முகத்தை ஈரத்துண்டால் அழுத்தித் துடைத்துக் காட்டினேன். கிட்டே வந்து, புருவம் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"பழனியில புருவத்த வழிக்க மாட்டாங்களேங்கக்கா" என்றாள்.

அங்கிருந்தே மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். இலையால் என்ன கெடுதல் என்று கேட்டாயே, ஆபரேஷன் வேண்டாம் என்று இருந்த இடைவெளியில் அவள் கட்டி பெரிதாகியிருக்கிறது.

பாக்கெட்டுகளைக் கொளுத்து. மறுபடி கொய்யா நடு, குழி எடுக்க நானும் வருகிறேன். அதுவரை உன் வாசலை மிதிக்க மாட்டேன்.

முதல் போணி என் கையால் ஆக வேண்டும் என்றாயே, ஆகிவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அம்பிகா இன்று காலை ஸ்கேன் அறைக்குள் போனாள்.

உன் அக்கா,
சொர்ணலட்சுமி